இதைவிட மெதுவாகச் சுற்றுவது இருக்கிறதா?

அரியலூர் மாவட்டத்தில் ஆடாத கதவு ஒன்றை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், அதைக் கால்சுத்து ஒரு முறையாவது தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். தச்சர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் கதவைச் செய்தார்கள், அவ்வளவுதான். அதை ஒழுங்காக நிற்க வைத்தது கால்சுத்து.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. எந்த ஸ்க்ரூவை முடுக்கினாலும், வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிற நேரத்தில், "இன்னும் கால் சுத்து இருக்கு" என்பார். அந்தக் கால் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகுவார். பெயர் அப்படி வந்தது. மரை கழன்றவர் என்று சொல்லிச் சிரிக்க ஆசைப்படுகிறவர்கள் மன்னிக்கவும், அந்த ஜோக்கை எங்கள் தெரு எப்போதோ சொல்லித் தேய்த்துவிட்டது.

ரயிலடிக்குப் பின்னால் இருபத்துமூன்று வீடுகள் கொண்ட தெரு. அரசு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்து நான் அங்கே ஆறு வருஷம் குடியிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். தூரத்தில்தான். இருந்தாலும் எங்கள் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். தெருவில் எது நடந்தாலும் பழி அந்த வெடியின் தலையில்தான் விழும். சுவரில் விரிசலா, வெடி. பால் திரிந்ததா, வெடி. பக்கத்து வீட்டுப் பெண் கணக்கில் ஃபெயிலா, அதற்கும் அவள் அம்மா சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்துத்தான் திட்டினாள்.

கால்சுத்து மட்டும் இதை விஞ்ஞானமாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வெடிக்கும் ஊரில் இருக்கிற ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தளர்கிறது என்பது அவர் கண்ட முடிவு. சிமென்ட் ஆலையின் எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவர். ஓய்வு பெற்ற மறுநாளே திருப்புளியோடு தெருவில் இறங்கிவிட்டார். வெடிச் சத்தம் கேட்ட அரை மணி நேரத்தில் முதல் வீடு. பொழுது சாயும்போது இருபத்துமூன்றாவது வீடு. ஒரு வீட்டில் டீ, அடுத்த வீட்டில் மோர். கூலி என்ற பேச்சை எடுத்தால் அந்த வீட்டுக்கு மறுநாள் வரமாட்டார்.

இவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மனிதர்களின் முகத்தைப் பார்த்தால் இவருக்குப் பேச்சு வராது. எதிரே நின்று "சாப்டீங்களா?" என்று கேட்டால் "ம்" என்பார். "வெயில் ஜாஸ்தி" என்றாலும் "ம்". வீடு பற்றி எரிகிறது என்றாலும் அதே "ம்"தான் வந்திருக்கும். ஆனால் நமக்கு முதுகைக் காட்டி நின்று, கதவுக் கீலில் திருப்புளியை வைத்துவிட்டால் போதும், ஆளே வேறு.

"தம்பி, இந்த ஊரு முச்சூடும் கடலா இருந்துச்சு, தெரியுமுல்ல?" ஒரு சுற்று. "சொரங்கத்துல தோண்டுறப்ப நத்தை நத்தையா வருது, அத்தனையும் கல்லாப் போனது." இன்னொரு சுற்று. "நாம உக்காந்து சோறு திங்கிற எடத்துல சுறா நீந்தியிருக்கு தம்பி."

அதன் பிறகு எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அவர் பேசுவது மட்டுமில்லை, நாமும் பேசுவோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று எங்கள் தெரு கண்டுபிடித்து வைத்திருந்தது. என்னிடம் மூச்சு விடாத சங்கதிகளையெல்லாம் என் மனைவி அந்த முதுகிடம் சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பிப் பார்க்காமல், "அப்படியா பாப்பா? வுடு பாப்பா, ஆறிடும்" என்று ஸ்க்ரூவிடம் சொல்லுவார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போவாள். எங்கள் வீட்டு நிலைமையை நானே அவரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழப்பழுவூரில் ஒரு காதுகுத்துக்கு அவரைக் கூட்டிப் போயிருந்தோம். பந்தியில் எதிர்வரிசைக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்", "ம்" என்று பதில் சொன்னதில், மனிதருக்குத் தங்கள் மேல் ஏதோ வருத்தம் என்று விசேஷ வீட்டார் பயந்துபோனார்கள். பிறகு ஆளைக் காணோம். தேடினால், ஒரு நிற்கும் ஃபேனின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் அடிக்கட்டையை முடுக்கிக்கொண்டிருக்கிறார். சுற்றிப் பதினைந்து பேர். தாய்மாமன்கள் இரண்டு பேர் பல வருஷமாகப் பேசாமல் இருந்தவர்களாம். அவர்கள் இவர் முதுகிடம் ஆளுக்கொரு பக்கம் நியாயம் சொல்ல, ஃபேனின் ஆட்டமும் நின்றது, சண்டையும் நின்றது. குழந்தைக்குக் காது குத்தியதை யாருமே பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வலது மணிக்கட்டு வீங்கியது.

பெரம்பலூர் டாக்டரிடம் அவரும் அவர் மனைவி மங்கை அக்காவும் நானும் போனோம். டாக்டர் "எங்க வலிக்குது?" என்று கேட்டார். கால்சுத்து டாக்டரின் முகத்தைப் பார்த்து "ம்" என்றார். "எவ்வளவு நாளா?" "ம்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அதற்குள் இவர் கண்ணில் நோயாளிகள் படுக்கும் கட்டிலின் காலில் ஒரு ஸ்க்ரூ பட்டுவிட்டது. எழுந்துபோய்க் குனிந்து திருப்புளியை வைத்ததுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்.

"ஒரு மாசமா டாக்டர். கட்டை விரலுக்குக் கீழ ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் சுண்டி இழுக்குது. காலையில சோத்துக் கையில டம்ளர் நிக்க மாட்டேங்குது. இந்த மாதிரி திருப்புறப்பதான்... ஆ! இதோ, இதோ, இப்ப வலிச்சுது பாருங்க!"

"யோவ், அதைத்தான்யா செய்யக் கூடாது!" என்று டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

தீர்ப்பு அன்றே வந்தது. இனி அந்தக் கையால் எதையும் திருகக் கூடாது. மீறினால் ஆபரேஷன் வரை போகும். மங்கை அக்கா அங்கேயே அழ ஆரம்பித்தார். "கையக் கட்டிப்புட்டீங்க டாக்டர், அதோட அவரு வாயும் போச்சு. வூட்டுல என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஊமையா உக்காந்துருப்பாரு. வேலையில இருந்தப்ப அப்படித்தான் இருந்தாரு. இந்த ரெண்டு வருசமாத்தான் மனுசன் பேசுறாரு."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். "பேட்டரியில ஓடுற சின்ன ஸ்க்ரூ டிரைவர் விக்கிதும்மா. வயர் கெடையாது. மெஷினு திருப்பும், இவரு சும்மா புடிச்சிருந்தாப் போதும். நல்லதாப் பாத்து ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார்.

நல்லதாகப் பார்த்து ஒன்று. அந்த மூன்று வார்த்தைகள் எங்கள் வாழ்க்கையில் ஐந்து மாதத்தை விழுங்கின.

முதல் நாளே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிபந்தனைகளை எழுதி என் கையில் கொடுத்தார். ஒரு கொய்யாப்பழத்துக்கு மேல் கனம் கூடாது. சட்டைப் பையில் நிற்க வேண்டும். முடுக்கத் தெரிந்தால் போதாது, கழற்றவும் தெரிய வேண்டும். போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற வேண்டும். இதற்கெல்லாம் கீழே, இரண்டு கோடு இழுத்து: மெதுவாகச் சுற்ற வேண்டும், சத்தம் கூடாது. மெதுவாகச் சுற்றினால் மரை தேயாது என்று நினைக்கிறார், சத்தமில்லாவிட்டால் தெருவின் மதியத் தூக்கம் கெடாது என்று நினைக்கிறார், எப்பேர்ப்பட்ட பொறுப்பான மனிதர் என்று நான் மெச்சிக்கொண்டேன். எனக்கு மூளை எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

சோதனைக்கென்று பழைய வேப்பமரக் கதவின் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டார். அதில் பன்னிரண்டு ஸ்க்ரூ. கடைகடையாக அந்தப் பலகையை நான் சுமந்தேன். அவர் பேசமாட்டார் ஆகையால் பேச்சும் என்னுடையதுதான்.

அரியலூர்க் கடைத்தெருவில் முதல் கடைக்காரர் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். "இது பாத்தீங்கன்னா காங்கிரீட்டையே தொளைச்சிடும் சார்."

"எங்களுக்குக் கதவுக் கீலுக்குத்தாங்க வேணும்."

"கதவையும் தொளைச்சிடும் சார்."

சொன்னதைச் செய்தது. பலகையில் வைத்து விசையை அழுத்தினோம், ஸ்க்ரூ தலையோடு மரத்துக்குள் காணாமல் போய்விட்டது. அதை வெளியே எடுக்க அரை மணி ஆனது. "இதைவிட மெதுவா சுத்துறது இருக்குங்களா?" என்று கேட்டேன். ஹோட்டலில் ஆறிப்போன தோசை இருக்கிறதா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

பிறகு ஆன்லைனில் வரவழைத்தோம். பேனா மாதிரி ஒன்று வந்தது. செல்போன் பிரிக்கிறவர்களுக்கானது போலிருக்கிறது, வேப்பமரத்தைக் கண்டதும் 'கிக்' என்று விக்கிவிட்டு நின்றுவிட்டது. இன்னொன்று முடுக்கும், கழற்றாது. மூன்றாவது ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் எங்கள் வீட்டு மிக்ஸியின் குரல். எட்டாவது பார்சல் வந்தபோது டெலிவரிக்காரர் வண்டியை அணைக்கவே இல்லை. "நின்னு கையோட ரிட்டனையும் வாங்கிட்டுப் போயிடவா சார்?" என்றார்.

இதற்குள் தெரு ஆட ஆரம்பித்துவிட்டது. எங்கள் பாத்ரூம் கதவைப் பாட்டுப் பாடிக்கொண்டே காலால் முட்டுக்கொடுத்துக் குளித்தோம். கால்சுத்து வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் "ம்" சொல்லிக்கொண்டிருந்தார். மதிய வெடிச் சத்தம் கேட்டதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், எதுவும் இல்லாமல் திரும்பி வரும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காமல் நான் செய்த காரியம்தான் பெரிய கூத்து. அந்தக் காலண்டர் தாளை மடித்து வைத்துவிட்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே வேகமானதைக் கேட்டு வாங்கி வந்தேன். ஆயுத பூஜை அன்று அவர் கையில் கொடுத்தேன். மனிதர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ம்" என்றார். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மங்கை அக்கா மெஷினுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், தெருவே கூடிவிட்டது.

முதலில் எங்கள் வீடு. முதுகைக் காட்டி நின்றார். மெஷினை வைத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்தக் கடலு இருந்துச்சுல்ல..."

டகடகடகடகடக! மோட்டார் சைக்கிளை வீட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணியதுபோல் ஒரு சத்தம். ஸ்க்ரூ முடிந்தது. அடுத்தது டகடக, அடுத்தது டகடக. ஐந்து ஸ்க்ரூவும் ஐந்து நொடி. தெரு நாய் ரயில்வே கேட் வரை ஓடியது. என் மனைவி அடுப்பில் வைத்த பால் காய்வதற்குள் அவர் மூன்று வீடு தாண்டிவிட்டார். இருபத்துமூன்று வீடும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. ஒரு கதவு ஆடவில்லை, ஒரு டீ குடிக்கப்படவில்லை, ஒரு வார்த்தை பேசப்படவில்லை. நாங்கள் கை தட்டினோம்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒன்பதாம் நாள் மங்கை அக்கா வந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. மெஷினு நல்ல மெஷினுதான். ஆனா அது ஒரு வார்த்தைக்கு எடம் குடுக்க மாட்டேங்குதே. ஒங்களுக்குக் கதவு ஆடக் கூடாது. அவருக்கு அதுவா முக்கியம்?"

நான் உள்ளே போய்க் காலண்டர் தாளைத் தேடி எடுத்து அந்த இரண்டு கோட்டை மறுபடி பார்த்தேன். அவமானமாக இருந்தது. ஒரு மனிதர் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அதை ஐந்து மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிவிட்டு, அதற்கு நேர் எதிரானதை வாங்கிக் கொடுத்து, கை வேறு தட்டியிருக்கிறேன்.

அன்று மதியமே அவரைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். என் மடியில் பலகை, அவர் மடியில் மெஷின். வழி முழுக்க அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் "ம்" என்றார்.

கடைக்காரர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்கு. சாமி கும்புட்ட பொருளை எப்படி சார் திருப்பி எடுக்குறது?"

"எடுக்க வேணாங்க, மாத்திக் குடுங்க. ஒங்ககிட்ட இருக்கிறதுலயே மெதுவானது எதுங்க? சத்தமே இருக்கக் கூடாது. யாருமே வாங்காதது இருந்தா அதைக் காட்டுங்க."

அவர் நெடுநேரம் தேடி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு சின்ன டப்பாவை இறக்கினார். உள்ளங்கை நீளத்தில் இருந்தது. "இது ரொம்ப சாது சார். வெசையில விரலை எவ்ளோ அமுக்குறீங்களோ அவ்ளோதான் சுத்தும். லேசாத் தொட்டா எறும்பு மாதிரி போவும். எல்லாரும் வேகம் கேக்குறாங்க, அதான் கெடக்குது."

கால்சுத்து அதைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார். பலகையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்தார். முதல் ஸ்க்ரூவில் வைத்து விரலால் தொட்டார். 'ஸ்ஸ்ஸ்' என்று, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஒரு சத்தம்.

"தம்பி."

"சொல்லுங்க."

"அந்தப் பெரிய மெஷினை நீங்க ஆசையா வாங்கியாந்தீங்க." அரைச் சுற்று. "வேணாம்னு மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வரல. அதான் ஒங்க வூட்டுப் பக்கமே வரல." ஸ்க்ரூ முடிந்தது. அடுத்ததுக்கு நகர்ந்தார். "பாப்பா நல்லாருக்கா?"

"நல்லாருக்கா. நீங்க வரலைன்னு என்மேலதான் கோவம்."

"வுடுங்க, ஆறிடும்."

மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. ஐந்து மாதம் அடைத்துக் கிடந்தது எல்லாம் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டாவது ஸ்க்ரூவில் அவரும் தன் மகனுக்குப் பெண் அமையாத கதையை அந்த முதுகிடம் சொல்ல ஆரம்பித்தார். பத்தாவதில் இவர் அதற்கு ஆறுதல் சொன்னார். பதினொன்றில் தன் கதைக்கு வந்தார்.

"நான் மங்கையப் பொண்ணு பாக்கப் போனதே பெரிய கதைங்க. செந்துறைப் பக்கம் அவங்க வூடு. எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. எனக்கு ஒரு வார்த்தை வரல. மாப்பிள்ளை ஊமையான்னு உள்ள பேசிக்கிறாங்க." பன்னிரண்டாவது ஸ்க்ரூ. "அப்ப இவ காபித் தட்டோட வந்தா. வந்தவ என் மூஞ்சியப் பாத்துட்டு, சட்டுன்னு திரும்பிக்கிட்டு..."

ஸ்க்ரூ முடிந்துவிட்டது. மெஷின் நின்றது. அவரும் நின்றார்.

"திரும்பிக்கிட்டு?" என்றார் கடைக்காரர்.

கால்சுத்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். சொல்ல வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது முகத்தில் தெரிந்தது. வாய் ஒரு தடவை அசைந்தது. "ம்" என்றார்.

கல்லா மேல் ஒரு பழைய திருப்புளி கிடந்தது. நான் அதை எடுத்து, பலகையின் மறு கோடியில் அவர் முடுக்கி வைத்திருந்த முதல் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். வேப்பமரம், லேசில் வரவில்லை. அவர் நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெதுவாக முதுகைத் திருப்பிக்கொண்டு, மெஷினை அங்கே கொண்டுவந்து வைத்தார்.

மங்கை அக்கா திரும்பிக்கொண்டு என்ன சொன்னார் என்பதிலிருந்து கல்யாணம் முடிகிற வரை அந்தக் கதைக்கு மொத்தம் இருபத்தெட்டு ஸ்க்ரூ ஆனது. அரியலூருக்கு மூன்று பஸ் போய்விட்டன. அவர் முடுக்கிக்கொண்டே முன்னால் போனார், நான் கழற்றிக்கொண்டே பின்னால் போனேன். என் மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று இருந்தது.